கிழிந்த நோட்டையும் உதிர்ந்த தாளையும் நம்பிக் கொடுக்கலாம்: காரைக்குடியில் ஒரு பழைய பிரஸ்

காரைக்குடியில் ஜெராக்ஸ் கடைக்குப் பஞ்சமே இல்லை. பல்கலைக்கழகம், கல்லூரிகள், கோர்ட்டு, பத்திர ஆபீஸ் என்று எந்தப் பக்கம் போனாலும் மெஷின் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. ஆதார் கார்டு நகலுக்கும் ரெக்கார்டு நோட்டு ஸ்பைரலுக்கும் எந்தக் கடையும் சரி, அதற்கெல்லாம் ஆராய்ந்து போகத் தேவையில்லை. ஆனால் இரண்டாம் கட்டு அறையிலிருந்து இறக்கிய பழைய நோட்டு, தையல் விட்டுத் தாள் தாளாக உதிர்ந்தது, பக்க எண் பாதி இருக்கும் பாதி இருக்காது, அதே பாட்டு இன்னொரு நோட்டில் வேறு கையெழுத்தில் வேறு வார்த்தையோடு இருக்கும், இதையெல்லாம் ஒழுங்குபடுத்தி, ஒன்றோடு ஒன்று ஒத்துப் பார்த்து, ஒரு புத்தகமாகக் கொடுக்க வேண்டுமென்றால் இந்த வட்டாரத்தில் நான் தயங்காமல் கைகாட்டுவது கல்லுக்கட்டிப் பக்கம் சந்துக்குள் இருக்கும் ஒரு பழைய அச்சகத்தைத்தான். வாசலில் பெரிய போர்டு கிடையாது. "பழைய பிரஸ்" என்று கேட்டால் வழி சொல்வார்கள். முன்பு அச்சுக் கோத்த இடம், இப்போது ஜெராக்ஸ், டைப்பிங், பைண்டிங் மூன்றும் ஒரே கூரைக்குள்.

நான் கொடுத்த சரக்கைச் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் அவர்கள் செய்தது என்ன என்று புரியும். எங்கள் அப்பத்தா எழுதி வைத்திருந்த முருகன் பாட்டு நோட்டு ஒன்று. தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடக்கிறவர்கள் வழியில் பாடுகிற மாதிரிப் பாட்டுகள். அப்பத்தாவின் தங்கை, அதாவது சின்ன அப்பத்தா, அதே பாட்டுகளைத் தனியாக எழுதி வைத்த நோட்டு இன்னொன்று. இரண்டிலிருந்தும் விழுந்து எந்த நோட்டுக்குச் சொந்தம் என்றே தெரியாத தாள்கள் ஒரு கவர் நிறைய. கூடவே ஐயாவின் வரவு செலவுக் கணக்கு. பாட்டு புத்தகமாக வேண்டும், உறவுக்காரர்களுக்கும் யாத்திரைக் குழுவுக்கும் கொடுக்க. கணக்கு நோட்டுக்கு நகல் போதும், அண்ணன் தம்பி வீட்டுக்கு ஒரு செட்டு.

முதலில் எனக்குப் பிடித்தது, மெஷின் பக்கமே போகவில்லை. கடைக்கார அண்ணன் மேஜையில் வெள்ளைத் துணியை விரித்து, ஒவ்வொரு தாளையும் வந்த வரிசையிலேயே வைத்து, ஓரத்தில் மெல்லிய பென்சிலால் எண் போட்டார். "வரிசை தப்பாவே இருக்கட்டும், வந்த வரிசையை முதல்ல காப்பாத்தணும், அப்புறம் சரி பண்ணிக்கலாம்" என்றார். இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது ஒரு தடவை பட்டவர்களுக்குத் தெரியும். முன்பு வேறொரு கடையில் பழைய கடிதக் கட்டு ஒன்றைக் கொடுத்தபோது, அந்தப் பையன் மொத்தத்தையும் மெஷின் தலையில் இருக்கும் ஃபீடரில் வைத்து ஓடவிட்டார், மெல்லிய தாள்கள் இரண்டு இரண்டாக ஒட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டன, நகலில் பக்கங்கள் விட்டுப்போனதை வீட்டுக்கு வந்துதான் பார்த்தோம், அசலின் வரிசையும் கலைந்துவிட்டது. இங்கே பழைய தாள் எதையும் ஃபீடரில் வைப்பதில்லை, கண்ணாடியில் ஒவ்வொன்றாக வைத்துத்தான் எடுக்கிறார்கள். ஸ்கேன் முடிந்ததும் அசல் எத்தனை தாள், நகல் எத்தனை பக்கம் என்று எண்ணி, கணக்கு உதைத்தால் அடுத்த வேலைக்கே போவதில்லை.

பிரதி எடுக்கும் போது எல்லாக் கடையிலும் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு, "செட் செட்டா வேணுமா, பக்கம் பக்கமா வேணுமா?" என்று. பிரிண்ட் கொடுக்கும் பெட்டியில் கொலேட் என்று ஒரு டிக் இருக்கிறதே, அதுதான். டிக் போட்டால் 1, 2, 3 என்று முழு செட்டு வந்து மறுபடி 1, 2, 3 வரும். எடுத்துவிட்டால் முதல் பக்கமே வேண்டிய அளவு வந்து முடிந்த பிறகுதான் இரண்டாம் பக்கம். பல கடைகளில் கேட்பது பேருக்குத்தான், கேட்டுவிட்டு அவர்கள் இஷ்டத்துக்கு எடுத்துக் கட்டிக் கொடுத்துவிடுவார்கள், உட்கார்ந்து அடுக்குவது நம் தலையில். இங்கே எது எதற்கு என்று யோசித்துச் செய்கிறார்கள். கணக்கு நோட்டு செட் செட்டாக வந்தது. யாத்திரைக்காரர்களுக்கு ஆளுக்கொன்று கொடுக்கிற ஒற்றைப் பக்கக் காப்புச் செய்யுளைப் பக்கம் பக்கமாகவே எடுத்து அப்படியே கட்டுக் கட்டிவிட்டார்கள். பில் புக் அடிக்கிறவர்களுக்கும் இவர்கள் நல்ல கடை என்று கேள்வி, வெள்ளை, மஞ்சள், ரோஸ் என்று மூன்று தாளும் ஒரே எண்ணில் வரிசை தப்பாமல் வரவேண்டிய வேலை அது.

ஐயாவின் கணக்குக்கு வருகிறேன், ஏனென்றால் இந்தக் கடையின் அருமை எனக்குப் புரிந்தது அங்கேதான். பக்க எண் எல்லாம் தமிழ் எண். ஒன்று ௧, இரண்டு ௨, ஏழு ௭, எட்டு ௮. பார்க்கிறவர் கண்ணுக்கு க, உ, எ, அ என்றுதான் படும். இதை எழுத்து என்று நினைத்து அகரவரிசையில் அடுக்கினால் எட்டாம் பக்கம் முதலில், அடுத்து இரண்டு, அப்புறம் ஏழு, அதற்குப் பிறகுதான் ஒன்றே வரும். பத்துக்கு ௰ என்று தனிக் குறி, யகரம் மாதிரி இருக்கும், ஆக பன்னிரண்டாம் பக்கம் ௰௨, இருபத்தைந்து ௨௰௫. இது போதாதென்று ஒவ்வொரு பக்கத்துக்கும் உச்சியில் பிள்ளையார் சுழி வேறு. உகரமும் இரண்டும் ஒரே உருவம் என்பதால் தெரியாதவர்களுக்கு எல்லாப் பக்கமுமே இரண்டாம் பக்கம். கடையில் டைப் அடிக்கும் பெண் கல்லூரி முடித்து வந்த இளம்பிள்ளை, முதலில் திகைத்துத்தான் போனது. அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு தாளில் ஒன்றிலிருந்து நூறு வரை எழுதிக் கொடுத்துவிட்டு, "சுழி நடுவுல இருக்கும், எண் ஓரத்துல இருக்கும், அதை மட்டும் பாரு ஆத்தா" என்றார். அன்று சாயங்காலத்துக்குள் அந்தப் பிள்ளையே அடுக்க ஆரம்பித்துவிட்டது.

எண்ணே இல்லாத கணக்குத் தாள்களும் இருந்தன. அவற்றில் வருஷப் பெயரும் மாதமும் மட்டும்தான். பவ வருஷம், யுவ வருஷம், தாது வருஷம் என்று. பஞ்சாங்க வரிசையில் இந்த மூன்றும் இதே ஒழுங்கில்தான் அடுத்தடுத்து வரும், 1934 சித்திரையில் பவ பிறந்தது, அடுத்த சித்திரையில் யுவ, அதற்கடுத்து தாது. யுவ தைக்குப் பிறகுதான் தாது சித்திரை என்பது நம் ஊரில் பெரியவர்களுக்கு விரல் நுனியில், ஆனால் கம்ப்யூட்டரில் பெயரை வைத்து அடுக்கச் சொன்னால் தாது முதலில் வந்து நிற்கும். அறுபது வருஷத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்புகிறதே என்று கேட்டேன். அண்ணன் தாளையும் மையையும் பார்த்து, நம்மவர்கள் பர்மாவில் தொழில் செய்த காலத்து இரங்கூன் பற்று வரவு கணக்கில் வருவதையும் காட்டி, இது முந்தைய சுற்றுதான் என்று சொன்னார்.

பாட்டு நோட்டில் வேறு விதச் சிக்கல். உதிர்ந்த தாள்களில் எண்ணும் இல்லை, தேதியும் இல்லை. டைப் அடிக்கும் பிள்ளை இரண்டு மூன்று தாளை உரக்கப் படித்ததும் அண்ணன் நிறுத்தச் சொன்னார், "இது அந்தாதியா போகுது பாருங்க" என்றார். ஒரு செய்யுள் எந்தச் சொல்லில் முடிகிறதோ அந்தச் சொல்லில்தான் அடுத்தது தொடங்குகிறது. அப்பத்தா வாயால் இந்தப் பாட்டைச் சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிற எங்கள் யாருக்கும் இது தோன்றவே இல்லை. அதற்குப் பிறகு வேலை மளமளவென்று நடந்தது, கடைசிச் சொல்லைப் படிப்பது, அதே சொல்லில் தொடங்கும் தாளைத் தேடுவது. ஓரிடத்தில் மட்டும் சங்கிலி அறுந்தது. ஒரு தாள் தொலைந்திருக்கிறது என்பது அதில் நிச்சயமாகிவிட்டது, பிறகு சின்ன அப்பத்தா நோட்டைப் பார்த்தால் நடுவில் விடுபட்ட இரண்டு செய்யுளும் அங்கே பத்திரமாக இருந்தன. ஓலைச் சுவடியில் கயிறு அறுந்து ஏடு கலைந்தால் அந்தக் காலத்தில் எப்படி ஒழுங்கு பண்ணியிருப்பார்கள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. பாட்டை அந்தாதியாகக் கட்டினவர் மனப்பாடத்துக்காகக் கட்டியிருக்கலாம், ஆனால் அது பாட்டுக்குள்ளேயே போட்ட பக்க எண்ணாகவும் நிற்கிறது.

வரிசை முடிந்த பிறகு ஒத்துப் பார்க்கிற வேலை. இதற்குத்தான் இந்தக் கடைக்கு நான் முழு மதிப்பெண் கொடுப்பேன். ஒருவர் ஒரு நோட்டைக் கையில் வைத்து உரக்கப் படிக்க, மற்றவர் இன்னொரு நோட்டில் விரல் வைத்துத் தொடர்ந்து வருகிறார், எங்கே மாறுகிறதோ அங்கே நிறுத்தி எழுதிக்கொள்கிறார்கள். பிரஸ்ஸில் புரூஃப் பார்த்த பழக்கம். ஏடு தேடிப் பதிப்பித்த பெரியவர்கள் செய்ததும் இதே வேலைதான். உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியை வெளியிட்டாரே, அது ஏதோ ஓர் ஏட்டைப் பார்த்து அப்படியே அச்சடித்ததல்ல, ஊர் ஊராகப் போய்ச் சேர்த்த பிரதிகளை ஒன்றோடு ஒன்று ஒப்பு நோக்கி எடுத்த பாடம். நம் கானாடுகாத்தான் அண்ணாமலைச் செட்டியார் 1929இல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம் கம்பராமாயணத்தைப் பாடபேதங்களோடு, அதாவது பிரதிக்குப் பிரதி மாறும் சொற்களோடு, கொண்டுவந்ததும் இந்த வழியில்தான். அப்பத்தா நோட்டுக்கு இவ்வளவு தேவையா என்று எங்கள் வீட்டிலேயே ஒருவர் கேட்டார். தேவை என்றுதான் நான் நினைக்கிறேன். அச்சில் வந்த நூலாவது எங்காவது ஒரு நூலகத்தில் கிடைக்கும், கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்ததை வைத்து 1994இல் சென்னையில் நூலகமே வந்தது. கையெழுத்து நோட்டு ஒரு வீட்டில் ஒன்றுதான் இருக்கும், அது போனால் போனதுதான்.

மாறிய இடங்கள் சில சின்னவை. ஒன்றில் பழனி, இன்னொன்றில் பழநி. சில பெரியவை. ஒரு நோட்டில் "வெள்ளி வேல்", மற்றதில் "வள்ளி வேல்". கொம்பு ஒன்று விட்டுப்போனால் பொருளே மாறிவிடுகிறது. எது சரி? அண்ணன் அந்த இடத்தில் சட்டென்று ஒன்றை எடுத்துக்கொள்ளவில்லை, அந்தக் கையெழுத்தில் மற்ற இடங்களில் கொம்பு எப்படி விழுந்திருக்கிறது என்று பார்த்தார். சின்ன அப்பத்தா அவசரமாக எழுதும்போது கொம்பை விட்டுவிடுகிற வழக்கம் நாலைந்து இடத்தில் தெரிந்தது. பழைய ஏடுகளில் இந்தத் தொல்லை இன்னும் அதிகம், புள்ளி வைக்க மாட்டார்கள், காலும் ரகரமும் ஒரே மாதிரி இருக்கும், எகர ஏகாரத்துக்கு வித்தியாசம் தெரியாது. இப்போது நாம் போடுகிற இரட்டைச் சுழிக் கொம்பை 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் கொண்டுவந்தார் என்று பள்ளியில் படித்திருப்போம், அதன் அருமை இந்த மாதிரி வேலையில்தான் தெரிகிறது. அப்பத்தா நோட்டில் இன்னொன்று, 1978 சீர்திருத்தத்துக்கு முந்தைய எழுத்து, லை, னை, ளை எல்லாம் தும்பிக்கை வைத்தவை. டைப் அடிக்கும் பிள்ளைக்கு அதுவும் புதுசு. அதற்கும் ஒரு தாளில் பட்டியல் போட்டு மானிட்டர் பக்கத்தில் ஒட்டிக்கொண்டது.

ஒரே ஒரு விஷயத்தில் எனக்கும் கடைக்கும் கருத்து ஒத்துப்போகவில்லை. அப்பத்தா பேச்சு வழக்கில் எழுதியதையெல்லாம் திருத்திவிடலாம் என்று அண்ணன் முதலில் நினைத்தார். "வாரோம்" என்று இருப்பதை "வருகிறோம்" என்று மாற்றினால் பாட்டு நடை போய்விடும், நடந்துகொண்டே பாடுகிறவர்களுக்குத் தாளம் இடிக்கும் என்றேன். கொஞ்ச நேரம் பேசினோம். கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார், அப்பத்தா நோட்டில் உள்ளது உள்ளபடி மேலே, சின்ன அப்பத்தா நோட்டில் மாறுவது அடிக்குறிப்பில், முன்னதற்கு அ, பின்னதற்கு ஆ என்று அடையாளம். நாங்கள் தேர்ந்தெடுத்தது தப்பாகவே இருந்தாலும் படிக்கிறவர் கீழே பார்த்துத் தாமே முடிவு பண்ணிக்கொள்ளலாம். டைப்பிங் கடைக்குப் போகிறவர்கள் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், திருத்தம் வேண்டுமா, உள்ளபடி வேண்டுமா என்று. சொல்லாவிட்டால் எந்தக் கடையிலும் நல்லது செய்வதாக நினைத்துத் திருத்தித்தான் வைப்பார்கள், எது மூலம் எது திருத்தம் என்று பிறகு பிரிக்கவே முடியாது.

பாட்டு முதற்குறிப்பு அகராதியும், அதாவது பாட்டுகளின் முதல் சொற்களை அகரவரிசையில் அடுக்கிய பட்டியலும், போட்டுக் கொடுத்தார்கள், நான் கேட்காமலே. முதலில் வந்த பிரதியில் அது கோணலாக இருந்தது, "மனமே" முன்னாலும் "மயில்" பின்னாலும், "வள்ளி" வந்த பிறகு "வழி". சில மென்பொருள்கள் கம்ப்யூட்டரில் ஒவ்வொரு எழுத்துக்கும் இருக்கும் யூனிகோட் எண்ணை மட்டும் பார்த்து அடுக்குவதால் வருவது இது. அந்தப் பட்டியலில் நகரத்தை ஒட்டியே னகரம், ரகரத்தை ஒட்டியே றகரம், அப்புறம் ல, ள, ழ, வ. நாம் அரிச்சுவடியில் படித்ததோ ய ர ல வ ழ ள ற ன. சொன்னதும் கையாலேயே மாற்றி அடுக்கிவிட்டார்கள், சலித்துக்கொள்ளவில்லை. ஆனால் இதை அவர்களே கவனித்திருக்க வேண்டும், இவ்வளவு கண்ணும் கருத்துமாக வேலை செய்கிற இடத்தில் அது ஒரு குறைதான்.

பைண்டிங் அருமை. ஏ4 தாளை மடித்து நாலு பக்கம், அப்படி நாலு தாளை ஒன்றுக்குள் ஒன்று வைத்து 16 பக்கப் பாரம், ஆறு பாரத்தில் 96 பக்கப் புத்தகம். ஒவ்வொரு பாரத்தின் முதுகிலும் ஒரு சின்னக் கறுப்புக் கோடு, அடுத்த பாரத்தில் அது கொஞ்சம் கீழே இறங்கியிருக்கும். சேர்த்து வைத்தால் முதுகில் படிக்கட்டு மாதிரித் தெரிகிறது, ஒரு படி விட்டுப்போனால் பாரம் விட்டுப்போயிற்று, படி மாறினால் பாரம் மாறிவிட்டது. 200 புத்தகத்தையும் பிரித்துப் பார்க்க வேண்டியதில்லை, முதுகை ஒரு தடவை பார்த்தால் போதும். நூல் தையல் போட்டு அதற்கு மேல்தான் பசை. அட்டை லேமினேஷன் மட்டும் சுமார், சில பிரதிகளில் ஓரம் கிளம்பியிருக்கிறது. நடைப்பயணத்தில் பையில் திணிக்கிற புத்தகம் என்பதால் லேமினேஷன் இல்லாமல் கெட்டி அட்டையே கேட்டிருக்கலாம்.

காசு பற்றிச் சொன்னால், சாதாரண நகலுக்கு ஊரில் எல்லாரும் வாங்குவதுதான். ஒத்துப் பார்ப்பதற்குத் தனியாகப் பக்கக் கணக்கில் வாங்குகிறார்கள், அது டைப்பிங் கூலிக்குக் கொஞ்சம்தான் குறைவு. இரண்டு பேர் உட்கார்ந்து வரிக்கு வரி படிக்கிற வேலைக்கு அது நியாயம் என்றே எனக்குப் படுகிறது. நேரம்தான் பெரிய குறை. நாளைக்கு, நாளன்றைக்கு என்று தள்ளிக்கொண்டே போவார்கள், ஆராய்ச்சி மாணவர்கள் தீசிஸ் கொடுக்கிற சமயமாக இருந்தால் நம் வேலை மூலைக்குப் போய்விடும். போன் எடுக்க மாட்டார்கள், நேரில்தான் போகவேண்டும். கலர் ஸ்கேன் கேட்டால் முகம் சுளிக்கிறார், பழைய மையும் கறையும் பிரிந்து தெரிய கலர்தான் நல்லது, அழுத்திக் கேளுங்கள், 300 டிபிஐக்குக் குறையாமல் எடுக்கச் சொல்லுங்கள், பென் டிரைவ் கொண்டு போனால் கோப்பையும் கொடுத்துவிடுகிறார்கள். உட்கார இடம் கிடையாது. வண்டியைச் சந்துக்குள் கொண்டு போகாதீர்கள், திருப்ப முடியாது.

வெறும் ஐம்பது பக்கம் அவசர நகல் என்றால் இங்கே வரவேண்டாம், நேரம்தான் வீண். தேவகோட்டை, பள்ளத்தூர், புதுவயல் பக்கமிருந்து வீட்டு நோட்டு, கணக்கு, கடிதக் கட்டு கொண்டுவருகிறவர்கள் காலையில் கடை திறந்ததும் வந்துவிடுங்கள், அண்ணன் நிதானமாக உட்கார்ந்து பார்ப்பது அப்போதுதான். தாளை நீங்களே வீட்டில் வரிசைப்படுத்தப் பார்க்காதீர்கள், எந்தக் கட்டில் எப்படி இருந்ததோ அப்படியே ஒரு டப்பாவில் போட்டு எடுத்து வாருங்கள். அதே பாட்டோ கணக்கோ பங்காளி வீட்டில் இன்னொரு பிரதி இருக்கிறதா என்று முதலில் விசாரித்து, இருந்தால் அதையும் சேர்த்துக் கொண்டு வந்துவிடுங்கள். பாதி முன்பணம், ரசீது கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், அதில் அசல் தாள் எத்தனை என்று எழுதித் தருகிறார்கள்.